கூகைக்கு ஒரு வாக்குறுதி

சிறு குழந்தைகளுக்கான காட்டுக் கதை என்றதும் காளான் குடையின் கீழ் வாழும் குள்ளர்களும் மெல்லிய சிறகு கொண்ட தேவதைகளும் நினைவுக்கு வருகின்றனர். ஆங்கிலப் படப் புத்தகங்கள் தந்த காடு அது. அழகானதுதான். நம் கதைகளிலோ முருங்கையில் வேதாளம், புளியமரத்தில் பேய். உறங்கப்போகும் குழந்தைக்குச் சொல்ல மென்மையான மாயம் நம்மிடம் இல்லையோ என்ற ஐயம் எங்களுக்கு நெடுநாள் இருந்தது.

அதைப் போக்கியது நற்றிணையின் 83ஆம் பாடல், பெருந்தேவனார் பாடியது. ஊர் வாயிலில் நீருண்ணும் துறை. அதனருகே தெய்வம் உறையும் முதிய மரம். அதில் வளைந்த அலகும் கூரிய நகமும் உடைய கூகை. தோழி அதைக் கல்லெறிந்து விரட்டவில்லை. நெய் பெய்த ஊன்சோறும் சுட்ட எலியும் நிறையத் தருகிறோம், தலைவன் வரவை விரும்பி நாங்கள் விழித்திருக்கும் இவ்வேளையில் அஞ்சும்படி குழறாதே என்று வேண்டுகிறாள். துறை விளக்கத்தைச் சற்றே ஒதுக்கிவைத்தால் இது முழுமையான தேவதைக் கதை. மாய மரம் இருக்கிறது, அச்சமூட்டும் உயிர் இருக்கிறது, அதனோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையும் இருக்கிறது.

எங்கள் ஐந்து வயது மகளுக்கு இதைச் சிறிது மாற்றிச் சொல்கிறோம். தலைவனுக்குப் பதிலாக, பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் சிக்கித் தாமதமாக வீடு திரும்பும் அம்மா. தோழிக்குப் பதிலாக, சன்னலோரம் காத்திருக்கும் சிறுமி. நெய்ச்சோற்றோடு அப்பளத்தையும் சேர்த்தவள் மகள்தான். எலியை மட்டும் கூகையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் விதித்த நிபந்தனை.

கதைக்கான காடும் தொலைவில் இல்லை. நாவலூரைச் சுற்றி அடுக்ககங்களும் மென்பொருள் அலுவலகங்களும் எழுந்துவிட்டன. ஆயினும் வேளச்சேரி–தாம்பரம் சாலையை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிடப்பட்ட கல்குவாரிப் பாறைகளில், கொம்பன் ஆந்தை வாழ்கிறது. கூகை வேறு, கொம்பன் வேறு என்பதை அறிவோம். கதையில் அவை ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆந்தை அலறினால் சாவு வரும் என்று இன்றும் நம்புவோர் பலர். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைக் காக்கிறது. இருந்தும் மாந்திரீகத்துக்காக அவற்றைப் பிடிப்பது நின்றபாடில்லை. பிடிப்பவரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு நடுங்கும் மனத்துக்கு, சிறுவயதிலேயே சொல்லப்படும் ஒரு கதையே மருந்து என்பது எங்கள் எண்ணம்.

இப்போதெல்லாம் இரவில் ஏதேனும் ஒரு பறவை குரல் கொடுத்தால் மகள் போர்வைக்குள் ஒளிவதில்லை. "பாவம், அதுக்குப் பசிக்குது" என்கிறாள்.