தொட்டியில் போட்ட பிளீச்சிங்

வெள்ளைக் கழிச்சலில் என் பண்ணைக் குஞ்சுகள் விழ ஆரம்பித்தபோது, மருந்து சரியில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புதுச்சத்திரம் டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு பேர் அந்த மருந்தை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். மருந்தில் ஒரு குறையும் கிடையாது. அதைக் கெடுத்தது நான்தான்.

நான் கொடுத்த மருந்து லசோட்டா என்ற தடுப்பு மருந்து. அது உயிருள்ள வைரஸ். 1940-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் லசோட்டா என்பவரின் பண்ணையில் கிடைத்த, வீரியம் குறைந்த வகை. கோழியைச் சாய்க்கும் தெம்பு அதற்கு இல்லை. ஆனால் கண்ணிலும் தொண்டையிலும் அது உயிரோடு பெருகினால்தான் உடம்பு விழித்துக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைத் தயாரிக்கும். இப்படித் தளர்ந்த கிருமியைத் தடுப்பூசியாக்கலாம் என்று லூயி பாஸ்டர் 1879-80-ல் கண்டதே கோழிக் காலராவில்தான். முட்டைக்கு வரும் முன் போடும் ‘கில்டு’ ஊசி வேறு ரகம். எண்ணெயில் கலந்த செத்த வைரஸ் அது. பெருகாது, ஆனால் ரத்தத்தில் நெடுநாள் காப்பு தரும். முன்னால் உயிர் மருந்து சரியாக ஏறியிருந்தால்தான் அதுவும் நன்றாக வேலை செய்யும்.

முதல் வாரத்தில் கண் சொட்டு. அதை ஒழுங்காகவே போட்டேன். அடுத்த தவணை குடிதண்ணீரில். போர்வெல் தண்ணீருக்குத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மருந்து விடுவதற்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், கொழுப்பு நீக்கிய பால்பவுடரைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுதான் விட வேண்டும். தெரியாமல் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பயிற்சியில் என் கையால் எழுதிய நோட்டிலேயே இருக்கிறது. பால்பவுடர் செலவை மிச்சம் பிடித்தேன். தொட்டியைக் கழுவச் சோம்பல்.

“அண்ணா, தண்ணி பிளீச்சிங் வாடை அடிக்குதுங்க” என்றான் வேலைக்கு இருந்த பையன்.

“ஊத்துடா, பாத்துக்கலாம்.”

ஐஸ் டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்த குப்பியை, வைரஸைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் கொட்டிவிட்டு, ஷெட் சுவரில் தொங்கும் அட்டையில் தேதி எழுதி டிக் அடித்தேன். அந்த டிக் மட்டும் ரொம்ப நேர்த்தியாக இருந்தது.

அந்த பேட்ச், இதே நோய்க்கு அடுத்துப் போடும் ஆர்.டூ.பி. ஊசியின் வயதுக்கு வரவில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், சிலவற்றுக்குக் கழுத்துத் திருகல். டாக்டர் செத்த குஞ்சை அறுத்து, இரைப்பையைப் பிளந்து விரித்துக் காட்டினார். குத்திவிட்டதுபோல ரத்தப் புள்ளிகள்.

“தண்ணில ஏதாச்சும் கலக்கறீங்களா?”

“இல்லீங்க டாக்டர்.”

அவர் ரத்தம் எடுத்துப் போனார். எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் டைட்டர் பல குஞ்சுகளுக்கு இல்லவே இல்லை என்று வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இதைவிட மோசமானது இனிமேல்தான். நல்லபடியாக நின்ற குஞ்சுகளை ஊர் ஊராகக் கூடையில் கொண்டுபோய் விற்கும் வியாபாரியிடம் ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றிவிட்டேன். நோய் உள்ளே புகுந்தாலும் வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். அதற்குள்ளேயே எச்சத்தில் வைரஸ் போய்க்கொண்டிருக்கும். தெரிந்துதான் ஏற்றினேன். வாங்கியவர்கள் வாசலில் நாலு கோழி வளர்ப்பவர்கள். கால்நடைத் துறை இலவசமாகப் போடும் கழிச்சல் ஊசிக்கு அந்தக் கோழிகளைப் பிடித்துக் கொண்டுபோனவர்கள் எத்தனை பேரோ. எந்தெந்த ஊரில் விற்றாய் என்று வியாபாரியை நான் கேட்டதே இல்லை.

இப்போது மருந்து விடும் நாளுக்குத் தொட்டியை நானே கழுவுகிறேன், பால்பவுடரும் கரைக்கிறேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னதைத் திருத்தவில்லை. வியாபாரி கொடுத்த பணம் தீவனக் கடைப் பாக்கிக்குப் போய்விட்டது.