பத்து வாளித் தண்ணீர்

எரிசக்திச் சிக்கனம் பற்றி எழுதுமாறு நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. டாக்குரியாவில் கற்றுக்கொண்ட ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன்.

2020 மே 20 மாலை ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. பொதுமுடக்கக் காலம், ஆய்வகம் மூடிக் கிடந்தது. இரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தேன். விடிந்தபோது தெருவின் குறுக்கே பெருமரமொன்று மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு வீழ்ந்திருந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் ஐந்தாம் நாள்தான் மீண்டது.

மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி இரண்டாம் நாளே வறண்டது. தெருமுனை அடிகுழாயில் வரிசையில் நின்று, எனக்கும் எதிர்வீட்டில் தனியே வாழும் வீட்டு உரிமையாளர் மாஷிமாவுக்குமாக நாளுக்குப் பத்து வாளி சுமந்தேறினேன். தோள்கள் வீங்கிவிட்டன. மூன்றாம் இரவு, உறக்கம் வராமல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த உழைப்பைக் கணக்கிட்டேன். வாளிக்கு 15 லிட்டர், ஒன்பது மீட்டர் உயரம். தண்ணீரை மேலேற்றிய வேலை ஏறத்தாழ 13,000 ஜூல்; 0.004 யூனிட்டுக்கும் குறைவு. (ஒவ்வொரு முறையும் என் அறுபது கிலோவையும் சேர்த்துத்தான் தூக்கினேன், அதனால் மாஷிமாவின் குடம் நிறையவில்லை என்பதால் அதைச் சேர்க்கவில்லை.)

75 வாட் மின்விசிறியொன்று அந்த ஆற்றலில் மூன்று நிமிடம்கூடச் சுழலாது. ஒன்றரைக் கிலோவாட் குளிர்சாதனம் ஒன்பது விநாடிகளில் அதைத் தீர்த்துவிடும். கணக்கு தவறென்று எண்ணி இருமுறை சரிபார்த்தேன். ஆற்றல் குறித்தே ஆண்டுக்கணக்கில் வாசித்தவனுக்கு, ஒரு யூனிட் என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பது தோள் வலித்த பிறகே விளங்கிற்று. ஹூக்ளிக் கரையில் பஜ்பஜ் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து அதை நமக்கு அனுப்புகிறது. நாம் சில ரூபாயில் வாங்கிவிடுகிறோம்.

மின்சாரம் திரும்பிய சில மாதங்களில் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறியை மாட்டினேன். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட் என்றிருந்தது 15க்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கியது, ஆனால் நான் கணித்த அளவுக்கு இல்லை. காரணத்தை மாஷிமாதான் கண்டுபிடித்தார். ஒருநாள் கதவருகே நின்று, "ஏன் பாபா, காலி அறையில் யாருக்குக் காற்று வீசுகிறது?" என்றார். முப்பது வாட்தானே என்ற எண்ணத்தில் விசிறியை அணைக்கும் பழக்கமே என்னை விட்டுப் போயிருந்தது. சிக்கனமான எந்திரம் நிலக்கரிச் செலவைக் குறைக்காது, கூட்டவே செய்யும் என்று 1865இல் ஜெவன்ஸ் எழுதியதை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் அறையிலேயே அது நிகழ்ந்துகொண்டிருந்தது.

கழற்றிய பழைய விசிறியின் கதை தனி. வீட்டு வேலைக்கு வரும் தீதி இருப்புப்பாதை ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் வசிக்கிறார். 2024 ஏப்ரல் 30 அன்று நகரில் வெப்பம் 43 பாகையைத் தொட்டது. அந்த வாரம் பரண்மேல் கிடந்த விசிறியை அவர் கேட்டார், கொடுத்தேன். இப்போது அது அங்கே இரவு பகலாகச் சுழல்கிறது. என் 'சேமிப்பு' முழுவதும் அந்தக் கூரையின் கீழ் செலவாகிவிட்டது. அதற்காக என்னால் வருந்த இயலவில்லை. ஒரு விளக்கும் ஒரு விசிறியுமாக வாழ்ந்தவரிடம் குறைத்துக்கொள்ளச் சொல்ல நாக்கு எழவில்லை. சிக்கனம் என்ற சொல்லை, குறைக்க ஏதேனும் உள்ளவர்களிடம்தான் பேச வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன், முதலில் என்னிடம்.

அடுத்த உதவித்தொகை வந்ததும் 30 வாட் விசிறியொன்று வாங்கித் தருகிறேன், பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று தீதியிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டும் இருக்கட்டுமே என்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.