தை மாதத்து அடை

ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஆடிக் காற்று வீசும்போது தோவாளைப் பக்கத்துக் கோழிகள் மேற்கே பார்த்துத்தான் நிற்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் இறகு தூக்கிக்கொண்டு தோல்வரை குளிர் ஏறும். எதிர்காற்றில் இறகு படிந்திருக்கும். இதை எனக்குக் காட்டித் தந்தவர், வயலோரத் தென்னை விளையில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஓர் ஆச்சி.

பகல் நீண்டால் கோழி முட்டையிடும், குறுகினால் நிறுத்தும் என்பார்கள். குளிர்நாடுகளுக்கு அது சரி. குமரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். இங்கே கோழிக்கு ஆண்டை வகுத்துத் தருவது மழையும் நெல்லும். இடவப்பாதி, ஐப்பசி என்று இரண்டு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுப்பு. களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கித் தின்ற பெட்டை கொண்டை சிவந்து முட்டைக்கு வந்துவிடும். அடைமழையில் மேயப் போகாமல் வைக்கோல் படப்போரம் ஒடுங்கி நிற்கும், முட்டையும் நின்றுபோகும். மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பினால் மட்டும் கூட்டுக்குப் போக மனமில்லாமல் முற்றத்தில் ஓடித் திரியும்.

கோழி நினைத்த மாதத்தில் அடைக்கு வரும். எந்த மாதத்தில் அதற்கு முட்டை வைத்துக் கொடுப்பது என்பதில்தான் ஆச்சியின் தொழில் இருக்கிறது. ஐப்பசியில் அடைக்கு வந்ததை வெறும் பஞ்சாரத்தில் மூடிவைத்து அடையைக் கலைத்துவிடுகிறார். “ஈரத்துல குஞ்சு நிக்காது மக்கா. தை பொறந்ததும் வச்சா, அறுத்தடிப்புக்கு குஞ்சு தானே பொறுக்கித் தின்னும்.”

அடை வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய கடவத்தில் மணல் பரப்பி, மேலே வைக்கோல். காதருகே ஆட்டிப் பார்த்துச் சத்தம் கேட்காத முட்டைகளை மட்டும் அடுக்கினார். ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடாமல் இவை காக்கும் என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடாததை விலக்குகிறாரே, அந்தக் கண்ணை முழுக்க நம்புகிறேன். 21 நாளில் பொரித்த குஞ்சுக்குக் குருணை; பிறகு கறையான். உடைந்த பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து அந்தியில் கவிழ்த்தால், விடியும்போது பானைக்குள் கறையான் மொய்க்கும். காசு செலவில்லாத புரதம் அது.

வெயில் ஏறினால் வெள்ளைக்கழிச்சல் பயம். கழுத்து திருகி, கால் இழுத்து, சில நாட்களில் ஒரு தெருவின் கோழிகளே காலியாகிவிடும். மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு. வளர்ந்த கோழிக்குக் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி வாக்கில் நடத்தும் இலவச முகாமில் ஊசி. பக்கத்து வீட்டார் கோழிகளைக் கொண்டுபோகாவிட்டால் ஆச்சி நேரே போய்ச் சண்டை பிடிக்கிறார். அந்தச் சண்டை நியாயமானது. நோய் வேலி பார்த்து நிற்பதில்லை.

விளையை ஒட்டிய வயல் இப்போது வாழைத்தோட்டம். அதற்கடுத்தது வீட்டுமனை. களமும் இல்லை, சிந்தும் நெல்லும் இல்லை. குருணையைக் கடையில் வாங்குகிறார். அறுப்பே இல்லாத ஊரில் தை மாத அடை எதற்கு ஆச்சி என்று கேட்டேன்.

“நெல்லு போனா போட்டு மக்கா, தையில மழை கிடையாதுல்லா” என்றபடி கடவத்தை வெயிலில் கவிழ்த்துத் தட்டினார்.