ஒரு சிவப்பு மைக் கோடு



போன வாரம் கோயம்புத்தூரில் பவுண்டரியில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், "சார், ஒரு நாள் வந்து பாருங்க" என்று கூட்டிப் போனார். அங்கே பார்த்த ஒரு கோடு என்னைத் தூங்க விடவில்லை.

உருகிய வார்ப்பிரும்பை ஒரு கரண்டி எடுத்து, உள்ளங்கை அளவு மணல் கிண்ணத்தில் ஊற்றினார்கள். கிண்ணத்துக்குள் வெப்பம் அளக்கும் கம்பி இருக்கிறது. இரும்பு ஆற ஆறத் திரையில் கோடு இறங்கியது. நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் தயங்கியது. 1150 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனது. பிறகு சில டிகிரி மேலே ஏறியது! அப்புறம் சமமாக ஓடி, மறுபடி இறங்கியது.

ஆறுகிற பொருள் எப்படிச் சூடாகும்?

1991-இல் எட்டாம் வகுப்பில் இதே கேள்வியை ஒரு பையனிடம் கோபமாகக் கேட்டிருக்கிறேன். அந்துருண்டையை உருக்கி, ஆறும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை குறிக்கும் சோதனை. 80 டிகிரியில் கோடு சமமாக நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம். அவன் 80, 79, 78, பிறகு மறுபடி 80, 80 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். "சார், நெஜமா ஏறுச்சு சார்" என்றான். "எதிர்த்துப் பேசாதே" என்றேன். மறுநாள் எல்லா இடத்திலும் 80 என்று மாற்றி எழுதி வந்தான். 'நன்று' என்று கையெழுத்துப் போட்டேன்.

அவன் பார்த்தது சரி. உருகிய பொருள் உறைய முதலில் படிகக் கரு உண்டாக வேண்டும், பாலுக்கு உறைமோர் மாதிரி. கரு இல்லையென்றால் உறைநிலைக்குக் கீழே போனாலும் திரவமாகவே இருக்கும். கரு உண்டானதும் மளமளவென்று உறையும். உள்ளுறை வெப்பம் வெளியே வந்து வெப்பநிலையை மேலே தூக்கும். முழுதும் உறையும் வரை சமமாக நிற்கும். தூய வெள்ளீயம் 232 டிகிரியில், ஈயம் 327-இல் அப்படி நிற்கும். உலோகக் கலவைகள் பெரும்பாலும் சரிந்துகொண்டே உறையும். ஆனால் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்த சால்டர் 183-இல் ஒரே இடத்தில் உறையும்.

பவுண்டரியில் அந்தப் பள்ளத்தைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். ரொம்ப ஆழமாக விழுந்தால் கிராஃபைட் சரியாக உருவாகாது. இரும்பு கடினமாகி எளிதில் உடையும். அதற்கு ஃபெரோசிலிக்கன் தூள் சேர்த்துச் சரிசெய்கிறார்கள். நான் தப்பென்று அடித்ததை வைத்து அங்கே நல்ல வார்ப்பா என்று முடிவெடுக்கிறார்கள்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு: புத்தகத்துக்கு ஒத்துவராத எண் நோட்டில் இருந்தால், சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள்.

அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, நீ பார்த்தது உண்மை. பார்த்ததை அழிக்க வைத்தது நான். மன்னித்துவிடு.