ஒளியத் தெரிந்த மீன்கள்

வண்ண மீன் கடையில் சற்று நேரம் நின்றால் ஒரு குறை கட்டாயம் காதில் விழும்: "வாங்கிட்டுப் போன மீனக் காணோம்ணே." செத்து மிதக்கவில்லை, தொட்டியிலிருந்து துள்ளி வெளியே விழவும் இல்லை. உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கண்ணில் படவில்லை. கப்பி, மோலி வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை வருவதில்லை. கூலி லோச், கிளவுன் லோச், சக்கர் மீன் என்று தொட்டியின் அடியில் வாழும் மீன்களை வாங்கியவர்கள்தான் இப்படி வந்து நிற்பார்கள்.

காசு கொடுத்து வாங்கியது பார்ப்பதற்காக. பார்க்கக் கிடைக்கவில்லை என்றதும் மீனுக்கு ஏதோ நோய் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கல்லைத் தூக்கிப் பார்க்கிறோம், சட்டியைக் கவிழ்க்கிறோம், கண்ணாடியைத் தட்டுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும். ஒளிந்து ஒளிந்துதான் அந்த மீன் வம்சம் இத்தனை காலம் பிழைத்து வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்த மீனை வளர்க்க முடியாது என்பது என் எண்ணம்.

அடிமீனின் உடம்பைக் கவனித்தாலே பாதி விஷயம் விளங்கும். வயிறு தட்டை. வாய் கீழ்நோக்கித் திறக்கும். வாயோரம் மீசைகள், மண்ணுக்குள் கிடக்கும் புழுவை அவைதான் தொட்டும் ருசித்தும் கண்டுபிடிக்கின்றன. கண்கள் மட்டும் தலையின் மேல்பக்கம் ஏறியிருக்கும். இரை கீழே இருக்கிறது, எமன் மேலே இருக்கிறான். கொக்கு, மீன்கொத்தி, நடுநீரில் காத்திருக்கும் விரால் எல்லாம் மேலிருந்துதான் பாயும். நீரின் நடுவில் நீந்தும் மீன் எந்தப் பக்கமும் விலகி ஓடலாம். தரையில் மேயும் மீனுக்குக் கீழ்ப்பக்கம் அடைபட்டிருக்கிறது. அதனால் அது தரைக்குள்ளேயே நுழையக் கற்றுக்கொண்டது. அது முடியாவிட்டால் கல்லிடுக்கு, வேர்ச்சந்து, சருகுக்கடி.

நம் பக்கத்தில் இதற்கு அயிரையைவிட நல்ல சாட்சி கிடையாது. மதுரைக்காரர்களுக்கு அயிரை என்றால் முதலில் குழம்புதான் நினைவுக்கு வரும். உயிரோடு வாங்கி வந்து, பாலில் விட்டு, உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கவைத்து, உப்புப் போட்டுச் சட்டியில் உரசிக் கழுவ வேண்டும். அந்தப் பக்குவமே மீனின் வாழ்க்கையைச் சொல்லிவிடும். மணலை வாயில் அள்ளி, தின்னத் தக்கதை வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகத் தள்ளுகிற மீன் அது.

சிறுவயதில் கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்காலில் அயிரை பிடிக்கச் சித்தப்பாவோடு போவேன். தெளிந்த நீரில், மணலின் நிறத்திலேயே புள்ளி போட்ட விரல் நீள மீன் தெரியும். கையை நீட்டியதும் ஒரு சிறு கலங்கல் எழும், மீன் இருக்காது. நான் நீரோட்டத்தோடு ஓடித் தேடுவேன். "எங்கடா ஓடுற? அது எங்கயும் போகல. உன் காலடியிலதான் கெடக்கு" என்பார் சித்தப்பா. அந்த இடத்து மணலை இரண்டு கையாலும் அள்ளித் துண்டில் போட்டு அலசுவார். மணல் கரைந்து போனதும் மீன் துள்ளும். மற்ற மீன்கள் ஆபத்து வந்தால் ஓடும். அயிரை இருந்த இடத்திலேயே இல்லாமல் போய்விடும். ஆரலும் அப்படித்தான், மூக்கு நுனியை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மணலுக்குள் முழு உடம்பையும் புதைத்துக் கிடக்கும்.

இந்த அயிரையை அறிவியல் உலகுக்கு முதலில் எழுதிவைத்தவர் அஷில் வலான்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர். ஆண்டு 1846. அவர் விவரித்த மீன் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடிக்கப்பட்டது. அதே ஆண்டு, அதே நூலில், ஜாவாவிலிருந்து வந்த இன்னொரு சிறு மீனையும் அவர் பதிவு செய்தார். அதுதான் கூலி லோச். ஹைன்ரிச் கூல் என்ற ஜெர்மன் இளைஞரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. உயிரினங்களைச் சேகரிக்க ஜாவாவுக்குப் போய், 1821இல், 23 வயதில் அங்கேயே இறந்துபோனவர் அவர். (கடைகளுக்கு இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் அதன் நெருங்கிய உறவான வேறோர் இனம். குணம் ஒன்றுதான்.) அயிரையும் கூலி லோச்சும் ஒரே குடும்பம். குழம்பில் நமக்குப் பழக்கமான மீனின் பங்காளியைத்தான் சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து வாங்கி வருகிறோம்.

அந்தப் பங்காளியின் சொந்த ஊர் மலேசியத் தீபகற்பமும் சுமத்ரா, போர்னியோ, ஜாவா தீவுகளும். காட்டுக்குள் மெல்ல ஊரும் ஓடைகள், சதுப்புக் காடுகளில் தேங்கிய நீர். மரங்கள் உதிர்த்த சருகுகள் அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். இலைச்சாறு இறங்கி நீர் கரும்பழுப்பாக இருக்கும். மேலே கிளைகள் வெயிலை மறித்துவிடுவதால் அங்கே உச்சிப்பகலே அரையிருட்டுதான். அங்கே சருகுகளுக்கு நடுவே, உடம்பின் இரண்டு பக்கமும் எதிலாவது பட்டுக்கொண்டிருக்கும்படி நெளிந்து கிடப்பது அந்த மீனின் பகல். இரை தேடப் புறப்படுவது இரவில்.

அதைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் வெள்ளை எல்இடி, அடியில் நீலமும் சிவப்புமாகச் சாயம் பூசிய கற்கள் என்று ஒரு தொட்டியில் விட்டால், ஃபில்டருக்குப் பின்னால் போகாமல் அது வேறெங்கே போகும்? மீனுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ள முடியாத உயிருக்கு இருட்டு வேண்டுமென்றால் இடம் மாறுவது ஒன்றே வழி. சக்கர் மீன் குடும்பத்துக்கு இதில் ஒரு சிறு உபாயம் உண்டு. வெளிச்சம் கூடினால் அதன் கருவிழிக்குள்ளிருந்து ஒரு மடல் கீழிறங்கிக் கண்பாப்பாவை மறைத்துப் பிறைத் துண்டாக்கிவிடும். கண்ணாடியில் ஒட்டி நிற்கும் சக்கரின் கண்ணைப் பகலிலும் இரவிலும் பார்த்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எத்தனையோ பேர் வீட்டில் இந்த மீன் இருக்கிறது. தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலைக்காரனாகவே அதைப் பார்த்துப் பழகியதால், இப்படி ஓர் அற்புதம் கண்முன்னே நடப்பது கவனத்துக்கு வராமலே போகிறது.

கிளவுன் லோச்சின் கதை இன்னும் வேதனையானது. ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட அந்த அழகு மீன் சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் குஞ்சாகப் பிடிக்கப்பட்டு உலகெங்கும் போகிறது. பிடிக்கும் வழிகளில் ஒன்று மூங்கில். துளையிட்ட மூங்கில் துண்டுகளை ஆற்றில் தொங்கவிடுவார்கள். குஞ்சுகள் பாதுகாப்பான இடம் என்று உள்ளே நுழைந்து ஒண்டிக்கொள்ளும். மூங்கிலைத் தூக்கித் தட்டினால் மீன் கூடையில். ஒளிந்துகொள்ளும் குணத்தை வைத்தே பிடித்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டைகூட இல்லாத தொட்டியில் கொண்டுபோய் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த மீன் ஓரடி நீளம் வரை வளரக்கூடியது, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அவ்வளவு நீண்ட ஆயுளை வெட்டவெளியில் கழிக்க வேண்டுமா?

"மறைவு எதுவும் வைக்காதீங்க, வெச்சா மீன் வெளிய வராது" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பது இதற்கு நேர்மாறு. 2006இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் சால்மன் மீன் குஞ்சுகளை வைத்து ஒன்றைக் கண்டார்கள். மறைவிடம் பக்கத்தில் இருந்தபோது, சும்மா இருக்கையில் அந்தக் குஞ்சுகள் செலவழித்த ஆற்றல் கணிசமாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவை மறைவுக்குள் போகவே இல்லை. பக்கத்தில் அது இருந்ததே போதுமானதாக இருந்தது. மறைவு இல்லாத இடத்தில் மீன் சும்மா நிற்பதுபோல் தெரிந்தாலும், உள்ளுக்குள் எந்நேரமும் ஓடத் தயாராக இருந்து தேய்ந்துகொண்டிருக்கிறது என்றுதான் இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார மனம் வரும்.

என் தொட்டியில் இதைக் கண்ணால் கண்டேன். அடியில் நன்றாகக் கழுவிய மென்மணல் போட்டேன். கூரான கல் மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும், அதன் வழியே தொற்று ஏறும். மணலில் அந்த ஆபத்தில்லை. கொட்டாங்குச்சிகளில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளை ஊறப்போட்டுப் பரப்பினேன். நீர் லேசாகப் பழுப்பேறியது. மேற்பரப்பில் செடி படர்ந்து வெளிச்சத்தைக் குறைத்தது. அதற்குப் பிறகுதான் கூலி லோச்சுகள் பகலில் தலைகாட்டத் தொடங்கின. ஒரு கொட்டாங்குச்சியிலிருந்து கிளம்பி, மணலை மோந்துகொண்டே போய், அடுத்ததற்குள் நுழையும். அடுத்த மறைவு எட்டிவிடும் தூரத்தில் இருந்தால்தான் நடுவிலுள்ள வெளியை அது கடக்கும். மறைவுகள் பெருகப் பெருக மீனும் அதிகமாகக் கண்ணில் பட்டது.

துணையும் ஒரு மறைவுதான். கூலி லோச்சை ஒன்றே ஒன்று வாங்கி விட்டவர் அதை அபூர்வமாகத்தான் பார்ப்பார். ஆறேழு சேர்ந்தால் ஒரே சந்தில் கயிற்று முடிச்சாகப் பின்னிக் கிடக்கும், சேர்ந்தே வெளியே வரும். கோரிடோராஸ் என்ற அடிமீன்கள் ஒன்றையொன்று உடம்பால் தட்டித் தட்டிச் சேதி சொல்லிக்கொள்வதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மிரண்ட நேரத்தில் கூட்டம் சிதறாமல் இருக்க அது உதவுகிறது. இன்னொன்றும் உண்டு. மேலே டெட்ரா, ராஸ்போரா போன்ற சின்ன மீன்கள் கூட்டமாக நிதானமாக நீந்திக்கொண்டிருந்தால் கீழே இருப்பவை துணிந்து வரும். மேலே இருப்பவை சட்டென்று கலைந்தால் கீழே ஒன்றும் இருக்காது. எமன் மேலிருந்து வருவான் என்பதால், மேலே இருப்பவர்களின் நடமாட்டம்தான் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி.

எந்த ஒளிதலும் நோயே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழக்கம் மாறுவதைத்தான் பார்க்க வேண்டும். நேற்றுவரை தீனிக்கு வந்த மீன் இன்று வரவில்லை என்றால், செவுள் வேகமாக அடித்துக்கொண்டால், உடம்பில் வெண்புள்ளி தெரிந்தால், முதலில் நீரைச் சோதிக்க வேண்டும், அம்மோனியாவைப் பார்க்க வேண்டும், வேறு மீன் துரத்துகிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வந்த மீனுக்குச் சில வாரங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். கிளவுன் லோச் ஒருக்களித்துச் செத்ததுபோல் கிடக்கும். அது தூங்கும் விதமே அப்படி. சக்கர் குடும்பத்தைச் சேர்ந்த பிரிஸ்டில்நோஸ் மீனில், மீசை மண்டிய ஆண் குகைக்குள்ளிருந்து நாள்கணக்கில் வெளியே வரவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே முட்டை இருக்கும். தகப்பன் துடுப்பால் விசிறி விசிறி முட்டைகளுக்கு நீரோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் குகையைத் தூக்கிப் பார்ப்பது பெரிய பாவம்.

அடிமீன்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தங்கள் நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். விளக்கை அணைத்து, மூழ்கும் தீனியைப் போட்டுவிட்டு, அறையின் ஓரத்தில் மங்கலான வெளிச்சத்தோடு உட்கார்ந்தால் போதும். வேறொரு தொட்டியைப் பார்ப்பதாகத் தோன்றும். மணல் முழுவதும் மீசைகள் துழாவும். மழைக்கு முன்னால் இன்னும் விசேஷம். ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் வாழும் வானிலை லோச் காற்றழுத்தம் இறங்கினால் நிலைகொள்ளாமல் மேலும் கீழும் நீந்தும். அதைப் பார்த்து மழையைக் கணித்திருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கப்போகும் மாலைகளில் என் கூலி லோச்சுகளும் கண்ணாடியோரம் அலைபாய்வதைக் கண்டிருக்கிறேன். அதனால் ஐப்பசி மாதம் எனக்குத் தொட்டி முன்னால் உட்காரும் மாதம்.

இந்த மீன்களோடு பழகிய பிறகு ஆற்றைப் பார்க்கும் கண்ணும் எனக்கு மாறிவிட்டது. தண்ணீர் வந்தால் மீன் வந்துவிடும் என்று பேசிக்கொள்கிறோம். கெண்டைக்கு அது சரியாக இருக்கலாம். மணலை ஒட்டச் சுரண்டி எடுத்து, களியும் பாறையும் மட்டும் மிஞ்சிய ஆற்றுப்படுகையில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் அயிரைக்கும் ஆரலுக்கும் நுழைய இடமில்லை. கொக்கு வந்தால் அவை எங்கே போகும்? ஓர் ஆற்றில் இத்தனை கனமீட்டர் மணல் எடுக்கலாம் என்று கணக்குப் போடும்போது, அந்த மணலுக்குள் படுத்திருக்கும் மீன்களையும் ஒருவர் இறங்கி அலசிப் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்கிறேன். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை, ஒரு துண்டு போதும்.