பட்டனுக்கு உயரத்தை அடைக்காதீர்கள், பிள்ளைகளே!



ஓய்வுக்குப் பிறகு பேத்தியிடம் ஃபிளட்டர் கற்று வருகிறேன். உங்களில் பலருக்கு ஆப் செய்வதுதான் பிழைப்பு. அதனால் இதை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு வயது 78. போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். பணம் அனுப்பும் ஆப் ஒன்றில் அவருக்குப் பட்டன்களில் பாதி எழுத்துதான் தெரிகிறது. எது உறுதி, எது ரத்து என்று புரியாமல், பக்கத்து வீட்டில் யாராவது ஒருவரிடம் போனைக் கொடுத்து ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார். இது கண்ணின் குறை இல்லை. பட்டன் கட்டியவர் விட்ட குறை.

ஃபிளட்டரில் எழுத்து, போனில் வைத்த அளவுக்குத் தானாக வளரும். நாம் வைக்கும் பெட்டிதான் வளராது. சைஸ்டுபாக்ஸில் உயரம் 48 என்று அடைக்காமல், கன்ஸ்ட்ரெயின்டுபாக்ஸில் ‘குறைந்தது 48’ என்று மட்டும் சொல்லுங்கள். விரல் படும் இடத்துக்கு கூகுளின் மெட்டீரியல் டிசைன் சொல்லும் குறைந்த அளவு 48 டிபி. ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட்.

‘சப்மிட்’ ஆங்கிலத்தில் ஆறெழுத்து. ‘சமர்ப்பிக்கவும்’ அதற்குள் அடங்குமா? பட்டன்களை ‘ரோ’வில் அடுக்காமல் ‘ராப்’பில் வையுங்கள், இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கிக்கொள்ளும். ‘ரோ’ பிதுங்கினால் வரும் மஞ்சள் கறுப்புப் பட்டை, டீபக் செய்யும் உங்களுக்குத்தான் தெரியும். வாடிக்கையாளர் போனில் எச்சரிக்கை எதுவும் வராது.

வரி உயரத்தையும் இறுக்காதீர்கள். தமிழுக்கு மேலே புள்ளி, கீழே சுழி உண்டு. புள்ளி வெட்டுப்பட்டால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும்.

ஆண்ட்ராய்டில் நேரடியாக எழுதுபவர்கள், எழுத்தின் அளவை டிபியில் கொடுக்காமல் எஸ்பியில் கொடுங்கள். கம்ப்யூட்டருக்கான ஆப் என்றால் ஜன்னலைக் குறுக்கிப் பாருங்கள். கிடைக்கும் அகலத்தை லேஅவுட்பில்டர் சொல்லும். ஒரு பத்தியா, இரண்டு பத்தியா என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அப்படி வைத்து, தமிழுக்கு மாற்றி, நீங்கள் செய்த ஆப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். எங்கே வெட்டுப்பட்டது என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

விடைத்தாளில் மார்ஜின் விடச் சொன்ன அதே வாத்தியார்தான் சொல்கிறேன்: இடம் விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்