கோலத்தில் கறுப்புப் புள்ளி

கீழ் வீட்டு மாமி போட்ட 15 புள்ளிக் கோலத்தில் 16-வது புள்ளியை வைத்தது எங்கள் கார்.

எங்கள் கார் என்றால், மாமனாருடையது. 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்ம சென்னையிலேயே தயாரானது. யாராவது 'பழைய டப்பா' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, மாமனார் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்.

"இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைஞ்ச டிசைன், மாப்பிள்ளை. 1962-ல இங்கிலாந்துல வந்துதே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஸ்போர்ட்ஸ் கார், அது இதுக்குத் தம்பி. ரெண்டும் ஒரே என்ஜின் வம்சம். அவனுக்கு ரெண்டு கார்புரேட்டர், நமக்கு ஒண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்!"

வம்சம் ஒன்று என்றால் வியாதியும் ஒன்றுதானே? என்ஜினின் அடியில் தொங்கும் ஆயில் தொட்டிக்கு 'சம்ப்' என்று பெயர். (ஃபிளாட்டில் லாரித் தண்ணீர் இறக்கும் சம்ப் வேறு. அதுவும் ஒழுகுகிறது, ஆனால் அதற்கு நோட்டீஸ் கிடையாது.) எங்களுக்கு அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஒழுகல் நிற்க வேண்டும், இல்லையென்றால் காரை வெளியே நிறுத்த வேண்டும்.

மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்தார். "என்ஜினை இறக்கணும் சார், நாப்பதாயிரம் ஆகும்" என்றார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "எடைக்குப் போட்டுடலாம்" என்றார், மோர் கேட்கிற குரலில்.

"அப்பா மூணு நாளா பால்கனிப் பக்கமே போகலை" என்றாள் மனைவி. பால்கனியிலிருந்து பார்த்தால் கார் தெரியும்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த லீக்கேஜ் எல்லாம் கணக்குப் புத்தகத்தில்தான். ஆனாலும் மாப்பிள்ளை என்ற பதவிக்கு ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனருடன் அடியில் படுத்தேன். குழாய் சொட்டினால் இறுக்குவோம். அதே நியாயப்படி எல்லா போல்ட்டையும் முழு பலத்துடன் இறுக்கினேன். முன்பக்கத்தில் ஒன்று கடைசியில் ரொம்ப சுலபமாகச் சுற்றியது. வெண்ணெயில் கரண்டி போல.

"மரை கழண்டுடுத்தா?" என்றார் மாமனார், மேலிருந்து. போல்ட்டைக் கேட்கிறாரா என்னையா என்று தெரியவில்லை. ஆனால் மூன்று நாளில் கார் பக்கம் அவர் வந்தது அப்போதுதான்.

கீழே இறங்கி உட்கார்ந்து விளக்கினார். சம்ப்பின் முன்பக்க போல்ட்டுகள் நேரே என்ஜின் பிளாக்கில் ஏறுவதில்லை. இடையில் ஒரு சின்னக் கட்டை இருக்கிறது. எங்கள் வண்டியில் அது அலுமினியம். எஃகு போல்ட்டை இறுக்கினால் அலுமினியம்தான் தோற்கும். அந்தக் கட்டையின் இரண்டு ஓரத்திலும் ஆயில் கசியாமல் இருக்க மர ஆப்பு வைத்திருக்கிறார்கள். நிஜமான மரம்! என்ஜினுக்குள் தச்சு வேலை.

"முதல்ல எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. குழந்தை பவுடர் கொண்டு வாங்கோ."

என்ஜினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சுற்றிலும் பவுடர் பூசினோம். கால் மணி நேரம் ஓடவிட்டோம். வெள்ளையில் கறுப்புக் கோடு தெளிவாக விழுந்தது. அது ஆரம்பித்த இடம் சம்ப் இல்லை, மேலே டேப்பட் கவரின் பின்ஓரம்! அங்கே கசிந்தது பிளாக் வழியாக இறங்கி, சம்ப் விளிம்பில் தொங்கி, மாமியின் கோலத்தில் விழுந்திருக்கிறது. அங்கிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாயும் அடைத்திருந்தது. என்ஜினுக்கு மூச்சு முட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆயிலைக் கிடைத்த இடுக்கு வழியாகப் பிதுக்கித் தள்ளும். குழாயைச் சுத்தம் செய்து, கவருக்குப் புது கார்க் பேக்கிங் வைத்தோம்.

சம்ப்பிலும் கசிவு இல்லாமல் இல்லை. அது என்னைப் போன்றவர்கள் வருஷக்கணக்காக இறுக்கியதன் பலன். கழற்றி, மகளின் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு பொரித்த அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது. போல்ட் இருக்குமிடத்தில் பேக்கிங் நசுங்கும், நடுவில் இடைவெளி விழும். இதற்கு எவ்வளவு இறுக்கினால் என்ன? துணி துவைக்கும் கல்லில் ஒரு இரும்புக் கட்டையை வைத்து, அதன்மேல் விளிம்பைப் போட்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு துளையாகத் தட்டிச் சமமாக்கினோம். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. (மாமி எட்டிப் பார்த்து, "பாத்திரத்துக்குப் பேர் வெட்டறேளா?" என்றாள்.)

அலுமினியக் கட்டையைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். கெட்டுப்போன துளையைப் பெரிதாக்கி, எஃகுச் சுருள் இறக்கிப் புது மரை போட்டுக் கொடுத்தார்கள். ஆப்புகளையும் புதிதாக மாற்றினோம். பழைய பேக்கிங்கை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, ஆயில் பிசுக்குப் போகத் துடைத்து, மூலைகளில் மட்டும் துளி அனபாண்ட்.

பிறகு போல்ட்டுகள். எல்லாவற்றையும் முதலில் விரலால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக, கால் சுற்று கால் சுற்றாக. மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கார்க் லேசாகப் பிதுங்கியதும், "போதும்."

"இன்னும் கொஞ்சம் மாமா..."

"போதும்னேனே!"

நாலைந்து தடவை ஓட்டிச் சூடாகி ஆறிய பிறகு மறுபடி ஸ்பேனர் வைத்துப் பார்த்தோம். தளர்ந்திருந்ததை மட்டும் ஒட்ட வைத்தோம்.

இப்போது ராத்திரி காரின் அடியில் நியூஸ் பேப்பர் விரிப்பது என் வேலை. காலையில் அதை எடுத்துப் பார்ப்பது மாமனார் வேலை. பதினோரு நாள் பேப்பர் சுத்தம். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். பேப்பரில் ஒரு சொட்டு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். "மோந்து பாருங்க. கந்தக வாசனை அடிக்கலே? இது என்ஜின் இல்லே, கியர் பாக்ஸ்! ஸ்பேனரை எடுங்க மாப்பிள்ளை."